ஸ்காலா நிரலில் கட்டளை வரி ஆப்ஷன்கள்: வாசலிலேயே வடிகட்டும் வழி

மாவட்ட வாரியாக மழையளவைக் கூட்டிச் சொல்லும் சிறிய ஸ்காலா நிரல் ஒன்றை எழுதியிருந்தேன். நிரலை அழைக்கும்போது அதன் பெயருக்குப் பின்னால் கொடுக்கும் சொற்கள்தான் ஆர்க்யுமென்ட்கள்; அவற்றில் --மாதம் போலப் பெயர் சொல்லிக் கொடுப்பவை ஆப்ஷன்கள். என் நிரலில் முதல் ஆர்க்யுமென்ட் ஆண்டு, இரண்டாவது மாதம், மூன்றாவது கோப்பு. எழுதிய வாரத்தில் அந்த வரிசை எனக்கு மனப்பாடம். ஆறு மாதம் கழித்து அதை இரவு வேலையாக ஓடவிட்டபோது ஆண்டையும் மாதத்தையும் இடம் மாற்றிக் கொடுத்துவிட்டேன். நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. 12-ஆம் ஆண்டின் 2023-ஆம் மாதத்தில் எவ்வளவு மழை என்று தேடிப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், எல்லா மாவட்டத்துக்கும் 0 மில்லிமீட்டர் என்று எழுதி, வெளியேறும் குறியீடாக வெற்றிக்குரிய 0-ஐக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. மிச்சாங் புயல் சென்னையை மூழ்கடித்த 2023 டிசம்பர், என் அட்டவணையில் சொட்டு மழையில்லாத மாதமாகப் பதிவாயிற்று.

தவறு என் விரல்களுடையது என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதைத் தடுத்திருக்க வேண்டிய இடம் நிரலின் வாசல். வெளியிலிருந்து சரங்களாக (எழுத்துத் தொடர்களாக) வருவதை வாசலிலேயே ஒரு முறை சோதித்து, வகையுள்ள ஒற்றை மதிப்பாக மாற்றி உள்ளே அனுப்ப வேண்டும். அதற்கு அப்பால் நிரலின் எந்த மூலையும் கட்டளை வரிச் சரத்தைத் தொடக் கூடாது. எந்த லைப்ரரி சிறந்தது என்ற கேள்வியைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. லைப்ரரிகளை இந்த அளவுகோலால்தான் அளக்கப்போகிறேன்.

அந்த மழை நிரலையே வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். உதாரணங்களில் ஆப்ஷன்களுக்கும் மாறிகளுக்கும் தமிழ்ப் பெயர்களே வைத்திருக்கிறேன். ஸ்காலா அதை அனுமதிக்கிறது. அதில் இருக்கும் சில பொறிகளையும் வழியில் காட்டுகிறேன். கேஸ், மேட்ச் போன்ற மொழியின் சொந்தச் சொற்களை ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். எடிட்டரில் அவற்றை வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

## நிரலின் கைக்கு வந்து சேர்வது என்ன

மெயின் செயற்கூறுக்கு வருவது சரங்களின் ஓர் அணி, அவ்வளவுதான். சி மொழியில் பழகியவர்கள் முதல் இடத்தில் நிரலின் பெயர் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். ஸ்காலா நிரலை ஓட்டும் ஜாவா மெய்நிகர் இயந்திரமான ஜேவிஎம்மில் அது கிடையாது. 0-ஆவது இடத்திலேயே பயனர் கொடுத்த முதல் சொல் நிற்கும்.

அந்த அணி நம்மிடம் வருமுன்பே, நாம் அடிக்கும் கட்டளையை வாங்கி நிரலை ஓட்டும் ஷெல் தன் வேலையை முடித்திருக்கும். இடைவெளி இருக்குமிடத்தில் வெட்டியிருக்கும். மேற்கோள் குறிகளைக் கழற்றியிருக்கும். நட்சத்திரக் குறி போட்ட கோப்புப் பெயரைப் பொருந்தும் கோப்புகளின் பட்டியலாக விரித்திருக்கும். பயனர் மேற்கோள் போட்டாரா இல்லையா என்று நிரலுக்குள்ளிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெயரில் இடைவெளி உள்ள கோப்பை மேற்கோள் இல்லாமல் கொடுத்தால் இரண்டு கோப்புகளாக வந்து நிற்கும்.

நிரலை எதன் வழியாக ஓட்டுகிறோம் என்பதும் ஒரு வடிகட்டி. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஸ்காலா திட்டங்களைக் கட்டி ஓட்டும் கருவியான எஸ்பிடியின் உள்ளே நின்று ரன் என்று அடித்து, அதே வரியில் ஆப்ஷன்களைக் கொடுத்தால் சிக்கல் இல்லை. வெளியே ஷெல்லிலிருந்து ஒரே வரியில் ஓட்டும்போது ரன் என்ற சொல்லையும் ஆப்ஷன்களையும் சேர்த்து ஒரே மேற்கோளுக்குள் அடைக்க வேண்டும். இல்லையென்றால் எஸ்பிடி ஒவ்வொரு சொல்லையும் தனக்கான தனிக் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். ஸ்காலா சிஎல்ஐ என்ற இன்னொரு கருவியில் வேறு ஏற்பாடு: அதற்கான ஆப்ஷன்கள் முடிந்ததும் தனியாக இரட்டைக் கோடு, அதன் பின்பு நம் நிரலுக்கான ஆப்ஷன்கள். ஜார் கோப்பாக (கம்பைல் செய்த நிரலின் பொதியாக) ஓட்டினால் ஜார் பெயருக்கு முன்னால் வருவது ஜேவிஎம்முக்கு, பின்னால் வருவது நமக்கு. பெருந்தரவுக் கருவியான ஸ்பார்க்கில் நிரலை ஓட்டும் ஸ்பார்க் சப்மிட்டிலும் இதே கணக்கு. ஜாருக்குப் பின்னால் எக்சிகியூட்டர் நினைவக அளவைக் கொடுத்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று ஒரு மாலை முழுவதும் தேடியிருக்கிறேன்.

இன்னொன்று: எஸ்பிடி இயல்பாகத் தன் சொந்த ஜேவிஎம்முக்குள்ளேயே நம் நிரலை ஓட்டுகிறது. வெளியேறும் குறியீட்டைச் சோதிப்பதென்றால் நிரலைத் தனி ஜேவிஎம்மில் ஓட்டும் ஃபோர்க் அமைப்பை இயக்கிவிடுங்கள். அப்படிச் செய்ததும் விசைப்பலகை உள்ளீடு நிரலுக்கு எட்டாமல் போகும். கனெக்ட்இன்புட் அமைப்பையும் இயக்கினால் எட்டும்.

## முதலில் உதவிப் பக்கம், பிறகு நிரல்

ஒரு வரி நிரல் எழுதும் முன் உதவி வாசகத்தை எழுதிவிடுவது என் வழக்கம். எது கட்டாயம், எது விருப்பம், எது பலமுறை வரலாம் என்பதெல்லாம் அப்போதுதான் தெளியும்.

மழை [ஆப்ஷன்கள்] கோப்பு...
  -ம, --மாதம் 2023-12       எந்த மாதம் (கட்டாயம்)
      --மாவட்டம் பெயர்        பலமுறை வரலாம், இல்லையென்றால் எல்லாம்
      --குறைந்தது மிமீ         இதற்குக் கீழான பதிவுகளை விடு (இயல்பு 0)
      --வடிவம் அட்டவணை|சிஎஸ்வி
  -அ, --அமைதி            முன்னேற்றச் செய்தி வேண்டாம்
      --உதவி

ஆண்டும் மாதமும் தனித்தனி எண்களாக இல்லாததைக் கவனியுங்கள். 2023-12 என்ற ஒரே சொல். ஜாவாவின் இயர்மந்த் வகை இதை நேரடியாகப் படிக்கும். 12-2023 என்று கொடுத்தால் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கும். எனக்கு நேர்ந்த விபத்து இந்த வடிவத்தில் நேரவே முடியாது. இரண்டு எண்களை அடுத்தடுத்து வாங்கும் எந்த நிரலிலும் இப்படி ஒரு மாற்று கிடைக்குமா என்று தேடிப் பாருங்கள்.

மாதம், மாவட்டம் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் குறும்பெயர் ஒன்றுக்குத்தான் கிடைத்தது. சரி, மா என்றே வைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கே முதல் பொறி. ஸ்காலாவின் கேர் வகை 16 பிட் கொண்ட ஒற்றைக் குறியீட்டு அலகு. நம் கண்ணுக்கு மா ஓரெழுத்து. யூனிக்கோடுக்கு அது மகரமும் கால் குறியுமாக இரண்டு. ஒற்றை மேற்கோளுக்குள் அதைப் போட்டால் கம்பைலர் ஏற்காது. குறும்பெயர் தமிழில் வேண்டுமானால் அகரமேறிய மெய்யோ தனி உயிரோதான்.

## இரண்டு வடிவங்கள்: கரடும் செப்பமும்

அடுத்து வகைகள். உள்ளே போகவேண்டிய மதிப்பை ஒரு கேஸ் கிளாஸாக, அதாவது பெயருள்ள புலங்களின் தொகுப்பாக எழுதுங்கள். மாதம் இயர்மந்த் வகை. மாவட்டங்கள் சரங்களின் கணம். குறைந்தது முழு எண். வடிவம், பட்டியலிட்ட இரண்டே மதிப்புகளை மட்டும் ஏற்கும் ஈனம் என்ற வகை. கோப்புகள் பாத் வகையின் பட்டியல். இதை அமைப்பு என்று அழைப்போம்.

பலர் இதே கிளாஸை வைத்துக்கொண்டே படிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் பாதி படித்திருக்கும்போது மாதம் இன்னும் வந்திருக்காது. அந்த இடத்தில் எதை வைப்பது? எதையும் சுட்டாத நல் என்ற வெற்று மதிப்பை வைப்பார்கள், அல்லது பொய்யாக ஒரு மாதத்தை வைப்பார்கள். அந்தப் பொய் மதிப்பு ஒரு நாள் உள்ளே நழுவிப் போகும்.

அதனால் நான் இரண்டு கிளாஸ் வைத்துக்கொள்கிறேன். கரடு என்பதில் மாதம் ஸ்காலாவின் ஆப்ஷன் வகையில் இருக்கும் (கட்டளை வரி ஆப்ஷன் வேறு; இது மதிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்ற வகை). தொடக்கத்தில் நன், அதாவது மதிப்பு இல்லை. படித்து முடித்த பிறகு ஒரே இடத்தில் கரட்டைச் சோதித்து, செப்பமான வடிவமாகிய அமைப்பாக மாற்றுவேன். மாதம் நன்னாகவே நின்றால் பிழை. கோப்புப் பட்டியல் வெறுமையாக இருந்தால் பிழை. இந்த மாற்றத்தைத் தாண்டி உள்ளே வரும் அமைப்பில் மாதம் இருக்கிறதா என்று யாரும் மறுபடி கேட்க வேண்டியதில்லை. பத்துப் பதினைந்து வரிகள் கூடும். கூடட்டும்.

## ஒரு முறையாவது கையால் எழுதுங்கள்

லைப்ரரிக்குப் போகுமுன் ஒருமுறை கையால் எழுதிப் பார்ப்பது நல்லது. ஸ்காலாவின் பட்டியல் பொருத்தம் இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. அணியைப் பட்டியலாக மாற்றி, கரட்டையும் மிச்சப் பட்டியலையும் வாங்கும் ஒரு செயற்கூறு எழுதுங்கள். அது தன்னையே அழைத்துக்கொண்டு போகும். திருப்பித் தருவது ஐதர்: இடப்பக்கம் பிழை வாசகம், வலப்பக்கம் நிரம்பிய கரடு. கிளைகளை இந்த வரிசையில் அடுக்குங்கள். :: குறிக்கு இடப்பக்கம் பட்டியலின் முதல் சொல், வலப்பக்கம் மிச்சம்; நில் என்றால் வெறும் பட்டியல்.

கேஸ் "--" :: _மீதி
கேஸ் "--மாதம்" :: _மதிப்பு :: _மீதி
கேஸ் "--மாதம்" :: நில்
கேஸ் "--அமைதி" :: _மீதி
கேஸ் _சொல் :: _மீதி இஃப் _சொல் ஒரு கோட்டில் தொடங்கி, நீளம் 1-க்கு மேல்
கேஸ் _கோப்பு :: _மீதி
கேஸ் நில்

வரிசை இங்கே உயிர். தெரியாத ஆப்ஷனைப் பிடிக்கும் ஐந்தாவது கிளையை மேலே வைத்தால் எல்லா ஆப்ஷனும் தெரியாத ஆப்ஷனாகிவிடும். அதை அடியோடு விட்டுவிட்டால் எழுத்துப் பிழையுள்ள --மாததம் ஒரு கோப்பின் பெயராக எடுத்துக்கொள்ளப்படும். முதல் கிளையில் உள்ள தனி இரட்டைக் கோட்டுக்கு, இனி வருவது எதுவும் ஆப்ஷன் அல்ல என்று பொருள். யூனிக்ஸ் கருவிகளின் பழைய மரபு இது, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தரத்தின் வழிகாட்டு நெறிகளிலும் இருக்கிறது. கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்பை அப்படியே கொடுக்க இது நேரான வழி. ஒற்றைக் கோடு தனியாக வந்தால் அது ஆப்ஷன் அல்ல. இயல்பு உள்ளீட்டிலிருந்து படி என்ற குறி. நீளச் சோதனை அதற்காகத்தான்.

மாறிகளுக்கு முன்னால் அடிக்கோடு எதற்கு என்று கேட்பீர்கள். இரண்டாவது பொறி இதுதான். நான் சரியாகக் கால் இடறிய இடம். ஸ்காலாவின் பொருத்தத்தில் சிற்றெழுத்தில் தொடங்கும் பெயர் புதிய மாறி. பேரெழுத்தில் தொடங்கும் பெயர் ஏற்கெனவே உள்ள மாறிலியைக் குறிக்கும். தமிழில் சிற்றெழுத்து, பேரெழுத்து என்ற பேதமே இல்லை. யூனிக்கோடு தமிழ் எழுத்துகளைச் சிற்றெழுத்து என்று வகைப்படுத்தவும் இல்லை. ஆகவே ஸ்காலா அவற்றைப் பேரெழுத்துக் கட்சியில் சேர்த்துவிடுகிறது. மதிப்பு என்று மொட்டையாக எழுதினால், மதிப்பு என்று ஒன்று எங்கும் இல்லையே என்று கம்பைலர் குறைப்படும். அடிக்கோட்டில் தொடங்கினால் சிற்றெழுத்துக்குரிய மரியாதை கிடைக்கும். அடைப்புக்குள் இரண்டு பெயர் வைத்து டூப்பிளைப் பிரிக்கும்போதும் இதே கதைதான். சாதாரண மாறிக்கும் கேஸ் கிளாஸின் புலத்துக்கும் இந்தத் தொல்லை இல்லை.

கையால் எழுதும்போதுதான் சில கேள்விகள் எழும். --மாதம் --அமைதி என்று மதிப்பை மறந்து கொடுத்தால், இரண்டாவது கிளை --அமைதி என்பதையே மாதமாக விழுங்கும். மதிப்பு இரட்டைக் கோட்டில் தொடங்கினால் மறுத்துவிடுகிறேன். ஒற்றைக் கோட்டை மறுப்பதில்லை, ஏனென்றால் -5 என்பது வேறொரு ஆப்ஷனுக்குச் சரியான எண்ணாக இருக்கக்கூடும். --மாதம்=2023-12 என்று சமக்குறியோடு எழுதுபவர்களும் உண்டு; தொடங்குமுன் அப்படிப்பட்ட சொற்களை இரண்டாக வெட்டிப் பட்டியலை விரித்துவிட்டால் போதும். ஒரே ஆப்ஷன் இருமுறை வந்தால்? மாவட்டம் என்றால் சேர்த்துக்கொள்ளலாம். மாதம் என்றால் கடைசியில் வந்ததே செல்லும் என்று வைக்கிறேன். ஷெல்லில் ஏலியாஸ் வைத்து ஓட்டுபவர்களுக்கு, இயல்பாகப் பொதிந்த மதிப்பைக் கடைசியில் மாற்றிக்கொள்ள அது வசதி.

எண்ணாக மாற்ற 2.13 பதிப்பில் வந்த டூஇன்ட்ஆப்ஷன் இருக்கிறது; விதிவிலக்கு எறியாமல் நன் கொடுக்கும். டெயில்ரெக் குறிப்பையும் தலையில் போட்டுவிடுங்கள். செயற்கூறு தன்னையே அழைப்பது வால் நிலையில், அதாவது அதன் கடைசிச் செயலாக இல்லையென்றால் கம்பைலரே சொல்லிவிடும்.

நான்கு ஆப்ஷன் வரை இது போதும். ஐந்தாவது ஆப்ஷனைச் சேர்க்கும்போது உதவி வாசகத்தில் சேர்க்க மறந்துவிடுவீர்கள். லைப்ரரிக்கு மாற அதுவே சரியான நேரம்.

## ஸ்காலா 3-இன் @மெயின்

2021-இல் வந்த ஸ்காலா 3-இல், சாதாரணச் செயற்கூறின் தலையில் @மெயின் என்று போட்டால் அதன் அளபுருக்களின் வகையைப் பார்த்து மொழியே சரங்களை மாற்றிக் கொடுக்கும். முழு எண் கேட்ட இடத்தில் எழுத்து வந்தால் மறுக்கும், குறைவாகக் கொடுத்தால் இன்னும் வேண்டும் என்று கேட்கும். ஃப்ரம்ஸ்ட்ரிங் என்ற டைப்கிளாஸுக்கு (ஒரு வகையைச் சரத்திலிருந்து எப்படிப் பெறுவது என்று சொல்லும் இடைமுகம்) ஒரு கிவன், அதாவது செயலாக்கம் எழுதினால் இயர்மந்த் வகையையும் வாங்கும்.

ஆனால் பெயருள்ள ஆப்ஷன் கிடையாது, இயல்பு மதிப்பும் கிடையாது. எல்லாம் இடவரிசைப்படிதான். முதல் பத்தியில் நான் விழுந்த அதே குழி. ஒன்று அல்லது இரண்டு ஆர்க்யுமென்ட் உள்ள சிறு நிரலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போகிற போக்கில் ஒன்று: @மெயின் செயற்கூறின் பெயரிலேயே ஒரு கிளாஸ் உருவாகும், அதே பெயரில் ஒரு கோப்பும். அதற்கு மட்டும் தமிழ்ப் பெயர் வைக்காதீர்கள். காரணம் கடைசிப் பகுதியில் வருகிறது.

## ஸ்காப்ட்

ஸ்காலாவில் நெடுநாளாகப் புழங்கும் லைப்ரரி இது. ஸ்பார்க்கின் மூலநிரலோடு வரும் இயந்திரக் கற்றல் உதாரணங்களிலும் இதைக் காணலாம். வேறு எதையும் இழுத்துக்கொண்டு வராது. ஸ்பார்க் போன்ற பெரிய குடும்பத்துக்குள் வாழவேண்டிய நிரலுக்கு அது பெரிய நிம்மதி. எஸ்பிடியின் சார்புப் பட்டியலில் சேர்க்கும்போது குழுப் பெயருக்கும் லைப்ரரிப் பெயருக்கும் நடுவே %% போடுங்கள். ஒற்றை % போட்டால் ஸ்காலா பதிப்பு எண் பெயரோடு ஒட்டாது, தேடிக் கிடைக்கவில்லை என்று நிற்கும்.

நான்காம் பதிப்பில் வேலை இப்படி நடக்கிறது. ஓபார்சரிடம் கரடு கிளாஸுக்கான பில்டர் ஒன்றை வாங்கி அதன் உறுப்புகளை இம்போர்ட் செய்கிறோம். பிறகு ஓபார்சர் சீக்வென்ஸுக்குள் ஒவ்வொரு ஆப்ஷனையும் வரிசையாக விவரிக்கிறோம். மாதத்துக்கான விவரிப்பு இந்த வடிவில் இருக்கும்:

ஆப்ட்[இயர்மந்த்]('ம', "மாதம்")
  .ரிகொயர்ட்()
  .வேல்யூநேம்("2023-12")
  .ஆக்‌ஷன்((ம, க) => க.காப்பி(மாதம் = சம்(ம)))
  .டெக்ஸ்ட்("எந்த மாதம்")

ஆக்‌ஷனுக்குள் நிற்கும் ம, க இரண்டும் சாதாரண அளபுருக்கள், பொருத்தம் அல்ல; அதனால் அடிக்கோடு தேவையில்லை. முதலாவது, படித்து மாற்றிய மதிப்பு. இரண்டாவது, இதுவரை நிரம்பிய கரடு. புதிய நகல் ஒன்றைத் திருப்பித் தருகிறோம். சம் என்பது நன்னுக்கு எதிர்: மதிப்பு இருக்கிறது என்று பொருள்.

இயர்மந்த் வகையை ஸ்காப்டுக்கு இயல்பாகத் தெரியாது. ரீட் என்ற டைப்கிளாஸுக்கு மறைமுக மதிப்பு ஒன்று எழுதி, சரத்தை எப்படி மாற்றுவது என்று சொல்ல வேண்டும். ரீட் ரீட்ஸ் என்பதற்கு இயர்மந்த் பார்ஸ் செயற்கூறைக் கொடுத்தால் முடிந்தது. மாற்றும்போது விதிவிலக்கு வந்தால் ஸ்காப்டே பிடித்துப் பிழைச் செய்தியாக்கிவிடும். அந்தச் செய்தி கொஞ்சம் கரடுமுரடு. 0-ஆவது எழுத்தில் பிரிக்க முடியவில்லை என்று ஜாவா சொல்வதை அப்படியே ஒட்டும். பயனருக்கு அது ஒன்றும் சொல்லாது. சரமாகவே வாங்கி, நமது செப்பமாக்கும் கட்டத்தில் "மாதம் 2023-12 போல ஆண்டு முதலில் வரவேண்டும், நீங்கள் கொடுத்தது 12-2023" என்று சொன்னால் அதே நொடியில் திருத்திக்கொள்வார். நான் அப்படித்தான் செய்கிறேன்.

கொடி வகை ஆப்ஷனில் ஒரு நுணுக்கம். --அமைதி என்பதற்கு யூனிட் வகை கொடுக்க வேண்டும். பூலியன் கொடுத்தால் --அமைதி ட்ரூ என்று மதிப்பையும் சேர்த்துக் கேட்கும். மாவட்டத்துக்கு அன்பவுண்டட் சேர்த்தால் பலமுறை வரலாம். சீக் வகை வைத்தால் காற்புள்ளியிட்டு ஒரே சொல்லாகக் கொடுக்கலாம். ஊர்ப் பெயர்களில் காற்புள்ளி வராது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும். கோப்புகளுக்கு ஆர்க், அதற்கும் அன்பவுண்டட். வரம்புச் சோதனைக்கு வேலிடேட், ஆப்ஷன்களுக்கிடையே உள்ள உறவைச் சோதிக்க செக்கான்ஃபிக். கிட் போலத் துணைக்கட்டளை வேண்டுமென்றால் சிஎம்டி, அதன் பிள்ளைகளாக ஆப்ஷன்கள்.

ஓபார்சர் பார்ஸ் என்பதற்குச் சீக்வென்ஸையும் வந்த அணியையும் வெறும் கரட்டையும் கொடுத்தால், நிரம்பிய கரடு அல்லது நன் கிடைக்கும். நன் வந்தால் பிழைச் செய்தியை அது ஏற்கெனவே அச்சிட்டிருக்கும். வெறும் கரடு என்று சொன்னேன் அல்லவா, அதுதான் ஸ்காப்டின் பலவீனம்: கட்டாயமான ஆப்ஷனுக்கும் தொடக்க மதிப்பு ஒன்று கேட்கும். இணையத்தில் உள்ள உதாரணங்கள் பெரும்பாலும் அங்கே 0 அல்லது ஒரு புள்ளிக் கோப்பை வைத்துவிட்டுப் போகின்றன. கரடு, செப்பம் என்று இரண்டாகப் பிரித்தவர்களுக்கு இந்தப் பொய் தேவைப்படாது.

## டெக்லைனும் மற்றவையும்

செயற்கூறு வழி நிரலாக்கத்துக்கான கேட்ஸ் லைப்ரரியை ஏற்கெனவே பயன்படுத்தும் திட்டமென்றால் டெக்லைனைப் பாருங்கள். இங்கே ஒவ்வொரு ஆப்ஷனும் ஆப்ட்ஸ் வகையின் ஒரு மதிப்பு. மாதம் தரும் ஆப்ட்ஸ், மாவட்டங்கள் தரும் ஆப்ட்ஸ், கோப்புகள் தரும் ஆப்ட்ஸ் எல்லாவற்றையும் மேப்என் கொண்டு கட்டினால் அமைப்பு தரும் ஆப்ட்ஸ் ஒன்று கிடைக்கிறது. கரடு என்ற இடைநிலையே இல்லை. எல்லாம் சரியாக வந்தால்தான் அமைப்பு பிறக்கும். கோப்புகளுக்கு ஆர்க்யுமென்ட்ஸ் என்று கேட்டால் வருவது வெறுமையாக இருக்க முடியாத பட்டியல். நான் சொன்ன அளவுகோலில் முதலிடம் இதற்குத்தான். பல பிழைகள் இருந்தால் சேர்த்துச் சொல்லும், ஒன்றைத் திருத்தியதும் அடுத்ததைக் காட்டி அலையவிடாது. ஆப்ஷன் இல்லையென்றால் சூழல் மாறியிலிருந்து எடு என்பதையும் ஆர்எல்ஸ் என்ற ஒரே இணைப்பில் எழுதிவிடலாம். விலை, கேட்ஸ் கூடவே வரும் என்பதும், புதியவருக்கு மேப்என் பிழைச் செய்திகள் கிலியூட்டும் என்பதும்.

லி ஹாவ்யியின் மெயின்ஆர்க்ஸ், செயற்கூறின் அளபுருப் பெயர்களையே ஆப்ஷன்களாக்கிவிடும். மில், அம்மோனைட் கருவிகளில் அதைக் காணலாம். @மெயின் தராத பெயருள்ள ஆப்ஷனும் இயல்பு மதிப்பும் இங்கே கிடைக்கும். ஒரு மாலையில் எழுதி முடிக்கும் கருவிக்கு என் தேர்வு இதுதான். கேஸ்ஆப் கேஸ் கிளாஸின் புலங்களிலிருந்து ஆப்ஷன்களை உருவாக்கும். கூர்சியே, ஸ்காலா சிஎல்ஐ இரண்டும் அதன்மேல் நிற்கின்றன. ஸ்காலப்பில் ஒரு கிளாஸின் உறுப்புகளாக ஆப்ஷன்களை எழுதுகிறோம். கடைசியில் வெரிஃபை என்று அழைக்க மறந்தால் ஓடும்போது விதிவிலக்கு வரும். அதை எல்லாரும் ஒருமுறை மறப்பார்கள்.

## பிழை சொல்லும் விதம்

உதவி கேட்டவருக்கு உதவி வாசகம் இயல்பு வெளியீட்டில் போகவேண்டும், குறியீடு 0. தவறாக அழைத்தவருக்குச் செய்தி பிழை வெளியீட்டில், குறியீடு 0 அல்லாதது. நான் 2 கொடுக்கிறேன். பாஷ் தன் உள்ளமைக் கட்டளைகளைத் தவறாக அழைத்தால் அதைத்தான் தருகிறது. பிஎஸ்டி மரபில் 64 என்பதும் உண்டு. எதுவானாலும் நிரல் ஓடித் தோற்றதற்கான 1-இலிருந்து வேறாக இருக்கட்டும். இரவில் திரும்ப ஓட்டிப் பார்க்கும் ஸ்கிரிப்ட், தவறான ஆப்ஷனைப் பத்து முறை திரும்ப ஓட்டிப் பயனில்லை என்று அப்போதுதான் தெரிந்துகொள்ளும்.

வெளியேறுவது மெயினில் ஒரே இடத்தில் இருக்கவேண்டும். படிக்கும் செயற்கூறுக்குள் எக்சிட் எழுதினால் சோதனையே ஓடாது. ஸ்காப்டில் ரன்பார்சர் என்பதை அழைத்தால் அச்சிடுதல், வெளியேறுதல் ஆகிய பக்கவிளைவுகளை முடிவோடு தனிப் பட்டியலாகத் தரும். சோதனைகளில் அதைப் பயன்படுத்துங்கள். சோதனைகள் மிக எளியவை: சரங்களின் பட்டியல் உள்ளே, ஐதர் வெளியே. நான் தவறாமல் வைக்கும் சோதனைகளில் ஒன்று மதிப்பில்லாமல் முடியும் --மாதம். இன்னொன்று, முதல் பத்தியின் நினைவாக, 12-2023.

ஆவணத்திலிருந்து கட்டளையை நகலெடுத்து ஒட்டும் பழக்கம் எங்கும் உண்டு. சில எழுத்துச் செயலிகள் இரட்டைக் கோட்டை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நிரலுக்கோ அது ஆப்ஷனே அல்ல. ஒரு கோப்புப் பெயர். "–மாதம் என்ற கோப்பு இல்லை" என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டு ஒருவர் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். சொல்லின் முதல் எழுத்து அந்த நீளக் கோடுகளில் ஒன்றா என்று சோதித்து, இரட்டைக் கோட்டைக் கையால் அடியுங்கள் என்று சொல்லும் கிளை ஒன்றை இப்போது சேர்த்திருக்கிறேன். மூன்று வரி.

கடவுச்சொல்லை ஆப்ஷனாக வாங்காதீர்கள். லினக்ஸில் பிராக் கோப்பமைப்பின் வழியாக, ஓடும் நிரலின் முழுக் கட்டளை வரியையும் அதே கணினியின் மற்றப் பயனர்கள் இயல்பாகப் படிக்க முடியும். ஷெல்லின் வரலாற்றுக் கோப்பிலும் அது தங்கிவிடும். சூழல் மாறியிலோ, உரிமை குறைத்த கோப்பிலோ வைத்து, கோப்பின் பாதையை மட்டும் ஆப்ஷனாக வாங்குங்கள்.

## மதிப்பு தமிழில் வரும்போது

ஆங்கில வழிகாட்டிகள் தொடாத பகுதி இது. மழை நிரலின் மாவட்டப் பெயர்கள் தமிழில் வருகின்றன. டெர்மினலில் எல்லாம் சரியாக ஓடும். குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டதும் நாகை என்ற பெயர் 12 கேள்விக்குறிகளாக பதிவேட்டில் நிற்கும்.

கிரானுக்கும் பல டாக்கர் பிம்பங்களுக்கும் லாங் என்ற சூழல் மாறி இருப்பதில்லை. அப்போது வழக்கமான லினக்ஸில் ஜேவிஎம், கட்டளை வரியை ஆங்கில எழுத்துகளை மட்டும் அறிந்த ஆஸ்கியாகப் படிக்கிறது. நாகை என்ற சொல் யூனிக்கோடில் நான்கு குறியீடுகள், யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பன்னிரண்டு பைட்டும் தனித்தனியே புரியாதவையாகிவிடுகின்றன. ஜாவா 18-இலிருந்து யூடிஎஃப்-8 இயல்பாகிவிட்டதே என்று நினைக்கலாம். அந்த மாற்றம் கோப்பின் உள்ளடக்கத்தைப் படிக்கும் குறியாக்கத்துக்குத்தான். கட்டளை வரிக்கும் கோப்புப் பெயர்களுக்கும் இன்னும் லொகேல் (லாங் போன்ற மாறிகள் சொல்லும் மொழி, குறியாக்க ஏற்பாடு)தான் ஆதாரம். கிளாஸுக்குத் தமிழ்ப் பெயர் வேண்டாம் என்று சொன்னதும் இதற்காகவே: அந்தச் சூழலில் அப்படிப்பட்ட கோப்பை உருவாக்கவே முடியாது. கிரான் கோப்பின் தலையில் லாங் மாறிக்கு சி.யூடிஎஃப்-8 என்று கொடுத்தால் சரியாகும். எல்சி_ஆல் ஏற்கெனவே எங்காவது வேறாக இருந்தால் அதுவே வெல்லும், அதையும் பாருங்கள்.

அடுத்தது ஒப்பீடு. கொ என்ற எழுத்தை ஒரே உயிர்க்குறியோடும் சேமிக்கலாம். ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் ஒன்றே, சரச் சமன்பாட்டில் வேறு. --மாவட்டம் கொடுத்து ஒன்றும் பொருந்தவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஜாவாவின் நார்மலைசரை, பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவத்தில் எல்லா ஆர்க்யுமென்ட் மேலும் வாசலிலேயே ஓட்டிவிட்டு, தரவில் உள்ள பெயர்களுக்கும் அதையே செய்யுங்கள். பிறகு கொடுத்த பெயர் மாவட்டப் பட்டியலில் இல்லையென்றால் 0 என்று கூட்டிச் சொல்லாமல் பிழையாக நிறுத்துங்கள்.

எண்களில் ஒரு வேடிக்கை இருக்கிறது. --குறைந்தது ௧௦ என்று தமிழ் இலக்கத்தில் கொடுத்தால் ஜாவாவின் முழு எண் மாற்றி அதை 10 என்று சரியாகப் படித்துவிடும், யூனிக்கோடின் தசம இலக்கங்கள் பலவும் அதற்குத் தெரியும். --மாதம் ௨௦௨௩-௧௨ என்பதை இயர்மந்த் ஏற்காது. ஒரே கட்டளையில் ஒன்று செல்லும், ஒன்று செல்லாது.

லொகேல் தவறாக இருந்தால் பிழை எங்கே வெளிப்படும் என்று சொல்ல முடியாது என்பதால், படிக்கத் தொடங்கும் முன்பே ஒரு சோதனை வைத்திருக்கிறேன். புரியாத பைட்டுக்கு ஜாவா வைக்கும் மாற்றுக்குறியின் எண் பதினாறடிமானத்தில் எஃப்எஃப்எஃப்டி. ஆர்க்யுமென்ட் எதிலாவது அது தென்பட்டால் வேறு எதையும் பாராமல் குறியீடு 2-உடன் நிற்கும். செய்தியில் தமிழ் எழுதினால் அதுவும் கேள்விக்குறிகளாகத்தான் போய்ச் சேரும்; அந்த ஒரு வரியை மட்டும் ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன்.